கடலூர் சாலையில் புறப்பட்ட பந்து

தேங்காய்த்திட்டிலிருந்து மரப்பாலம் சந்திப்புக்கு வந்து கடலூர் பஸ்ஸைப் பிடித்தால் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை என்று ஊர்கள் வரிசையாகக் கடந்துபோகும். தென்பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கடலூர். ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். மீன் வாங்கவும் விற்கவும், கல்யாணம் காட்சிக்கும், கல்லூரிக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் தினமும் போய்வரும் சாலை அது.

இந்தியப் பெண்கள் கால்பந்து அணியின் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்தச் சாலையின் மறுமுனையில் எழுதப்பட்டது. அணியின் நடுக்களத்தைப் பல ஆண்டுகள் தாங்கிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். முன்களத்தில் ஓடிக் கோல் அடித்த சந்தியா ரங்கநாதன் பந்து பழகியதும் கடலூரில்தான். புதுச்சேரியில் கால்பந்து பார்க்கிறவர்கள் நிறையப் பேர். உலகக் கோப்பையில் பிரான்ஸ் ஆடும் இரவுகளில் இந்த ஊரில் நீலம், வெள்ளை, சிவப்புக் கொடிகள் அசைவதை ஊரே அறியும். ஆனால் எம்பாப்பேயை அடையாளம் தெரிந்த அளவுக்குப் பக்கத்து ஊர் இந்துமதியைத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். ஆண்கள் கால்பந்தில் ஒலிம்பிக்கும் ஆசிய விளையாட்டும் இரண்டாம் வரிசைப் போட்டிகள். ஒலிம்பிக்கில் 23 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆட வேண்டும், மூன்று பேருக்கு மட்டும் விலக்கு. ஆசிய விளையாட்டிலும் அப்படித்தான். உலகக் கோப்பையின் மவுசு குறைந்துவிடக் கூடாது என்று ஃபிஃபா போட்டுவைத்த வேலி அது. பெண்கள் கால்பந்துக்கு அந்த வேலி கிடையாது. நாட்டின் முழு அணி, வயது வரம்பில்லாமல், அதே கேப்டனோடும் அதே கோல்கீப்பரோடும் இறங்கலாம். பெண்களுக்கான உலகக் கோப்பையே 1991-இல்தான் சீனாவில் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில், 1996-இல், அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்கள் கால்பந்து சேர்ந்துவிட்டது. ஆசிய விளையாட்டு அதையும் முந்திக்கொண்டது. 1990-இல் பெய்ஜிங்கிலேயே பெண்கள் கால்பந்து ஆடப்பட்டது. சீனா தங்கம் வாங்கியது.

ஆகவே ஓட்டமும் நீச்சலும் குத்துச்சண்டையும் ஒன்றாக நடக்கும் இந்தப் பெரிய விளையாட்டு விழாக்கள் பெண்கள் கால்பந்துக்கு ஓரத்து மேடை அல்ல, நடுமேடை. ஒரு நாட்டின் அரசும் பத்திரிகைகளும் பெண்கள் கால்பந்து அணியைத் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். பதக்கப் பட்டியல் என்று ஒன்று இருப்பதால் பார்த்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இந்த உறவு இன்று நேற்று உண்டானதல்ல. அதன் முதல் முடிச்சைப் போட்டவர் ஒரு பிரெஞ்சுப் பெண். பிரெஞ்சுத் தெருப் பெயர்களைத் தினமும் உச்சரிக்கும் புதுச்சேரிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அது: அலிஸ் மிலியா.

துறைமுக நகரமான நாந்த்தில் 1884-இல் பிறந்தவர் அவர். படகு வலிப்பதில் தேர்ந்தவர். பாரிஸில் ஃபெமினா ஸ்போர் என்ற பெண்கள் விளையாட்டுக் கழகத்தை நடத்தினார். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போயிருந்த காலத்தில் அங்கே பெண்கள் பந்தாடத் தொடங்கினார்கள். 1920-இல் பிரெஞ்சுப் பெண்கள் அணியை மிலியா இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். எதிரணி, பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்கள் சேர்ந்து அமைத்த டிக் கெர் லேடீஸ். பிரெஸ்டனில் ஏப்ரல் 30 அன்று நடந்த முதல் ஆட்டத்துக்கு 25,000 பேர் திரண்டார்கள். நான்கு ஆட்டங்களில் இரண்டில் தோல்வி, ஒன்று சமன். லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் நடந்த கடைசி ஆட்டத்தில் பிரான்ஸ் 2-1 என்று வென்றது. அதே ஆண்டு டிசம்பரில் டிக் கெர் பெண்கள் லிவர்பூலில் ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள்.

அவ்வளவு கூட்டம் வந்ததே ஆபத்தாகிவிட்டது. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கீழுள்ள மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. ஒரு தலைமுறை ஆட்டக்காரிகள் அல்ல, இரண்டு மூன்று தலைமுறைகள் அதில் காணாமல் போயின.

மிலியா சும்மா இருக்கவில்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளம் வேண்டும் என்று கேட்டார். மறுத்தார்கள். சரி, நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று 1922 ஆகஸ்ட் 20 அன்று பாரிஸில் பெண்களுக்கான ஒலிம்பிக்கை நடத்திக் காட்டினார். ஐந்து நாடுகள், 11 போட்டிகள், ஒரே நாள், 20,000 பார்வையாளர்கள். ஒலிம்பிக் என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு ஆட்சேபிக்க, அடுத்த முறையிலிருந்து பெண்கள் உலக விளையாட்டு என்று பெயர் மாறியது. 1926, 1930, 1934 என்று அது தொடர்ந்தது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகளைத் திறந்துவிட்டார்கள். மிலியா 1957-இல் காலமானார். பிரான்ஸ் நாட்டு ஒலிம்பிக் தலைமையகத்தில் அவருக்குச் சிலை வைத்தது 2021-இல். அவர் பந்தோடு கடல் கடந்த 1920-இலிருந்து, பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்குக்குள் நுழைந்த 1996 வரை எண்ணினால் 76 ஆண்டுகள்.

அந்த 1996 இறுதி ஆட்டத்துக்கு 76,489 பேர் வந்தார்கள். அமெரிக்கா 2-1 என்று சீனாவை வென்றது. அமெரிக்கத் தொலைக்காட்சி அதை முழுதாக நேரலையில் காட்டவில்லை. 2012 லண்டன் இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளியில் 80,203 பேர். இங்கிலாந்து எந்தப் பெண்களை மைதானத்துக்குள் விடமாட்டேன் என்றதோ, அந்தப் பெண்கள் ஆட்டத்துக்கு அதே நாட்டின் தலைமை மைதானம் நிரம்பியது.

சரி, இந்தியா?

இன்றைய நிலையைப் பார்த்துவிட்டு, நம் பெண்கள் எப்போதுமே பின்தங்கித்தான் இருந்தார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை வேறு. 1975-இல் இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கென்று தனிக் கூட்டமைப்பே உருவானது. கிழக்கு வங்கக் கழகத்தில் பெயர் பெற்ற சுஷில் பட்டாச்சார்யா அணிக்குப் பயிற்சி அளித்தார். 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் இந்தியாவின் சார்பில் இரண்டு அணிகள் இறங்கின. ஒன்று இறுதி வரை போய்ச் சீன தைபேயிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. 1981-இல் மூன்றாம் இடம். 1983-இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அதே ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சீனாவும் ஜப்பானும் கொரியாக்களும் பள்ளி, மாகாணம், கம்பெனி என்று அடுக்கடுக்காகப் பெண்கள் அணிகளைக் கட்டின. இந்தியாவில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெண்கள் கூட்டமைப்பு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு இணைந்தது. அதன் பிறகு பெண்கள் ஆட்டம் பெரிய வீட்டில் கடைசிப் பிள்ளை போலத்தான் வளர்ந்தது. 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு முதல் முறையாகப் பெண்கள் அணி போனபோது வித்தியாசம் வெளிச்சத்துக்கு வந்தது. டிசம்பர் 11 அன்று சீனா 16 கோல்கள் போட்டது. இந்தியா ஒன்றுகூடப் போடவில்லை. இன்று வரை இந்தியப் பெண்கள் அணியின் மிகப் பெரிய தோல்வி அது.

அதைவிட மோசமானது தோல்வியே இல்லாத காலம். தோற்பதற்குக்கூட ஆட்டம் வேண்டுமே! ஒன்றரை ஆண்டுக்கு மேல் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாததால் 2009-இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்தியப் பெண்கள் அணியின் பெயரே நீங்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆசியாவின் முன்வரிசையில் இருந்த நாட்டுக்கு அப்படி ஒரு நிலை.

அணியை மறுபடி களத்துக்கு இழுத்துவந்ததில் ஒரு பல்விளையாட்டு விழாவுக்குப் பங்குண்டு. 2010-இல் டாக்காவில் நடந்த தெற்காசிய விளையாட்டில் முதல் முறையாகப் பெண்கள் கால்பந்தைச் சேர்த்தார்கள். இந்தியா தங்கம் வென்றது. 2016-இல் ஷில்லாங்கில் நேபாளத்தை 4-0 என்று வென்று மறுபடி தங்கம். 2019 டிசம்பரில் போக்ராவில், நேபாள ரசிகர்கள் நடுவே, மணிப்பூரின் பாலா தேவி அடித்த இரண்டு கோல்களில் மூன்றாவது தங்கம். அந்த 2019 விழாவுக்கு இந்தியா ஆண்கள் கால்பந்து அணியை அனுப்பவே இல்லை.

கடலூர்ப் பெண்கள் உள்ளே வருவது இந்தக் கட்டத்தில்தான்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் கடற்கரையில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. கடலூர்க் கடலோரக் குப்பங்கள் பலவற்றில் சுனாமி வீடுகளையும் ஆட்களையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகான ஆண்டுகளில் கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர் அரசு இல்லங்களில் வளர்ந்த பெண் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பந்து கற்றுக்கொடுத்தார். அந்த முயற்சி இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகமாக வளர்ந்தது. 2017-18 இந்தியப் பெண்கள் லீக்கில் நாடு முழுவதிலிருந்தும் ஆடிய ஏழு அணிகளில் கடலூர் அணியும் ஒன்று. பெரிய முதலாளிகளும் பிரபலப் பெயர்களும் இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரம் அந்த வரிசையில் நின்றது சாதாரணமல்ல.

அதே பருவத்தில், 2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்தது. மணிப்பூரைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். பெண்கள் கால்பந்தில் பல ஆண்டுகள் தேசியக் கோப்பையைத் தன் வீட்டுச் சொத்து போல வைத்திருந்த மாநிலம் அது. அடுத்த ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை எடுத்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடி தேசிய சாம்பியன் ஆனது.

இந்துமதியின் பெயரைச் சொன்னால் கடலூரில் இரண்டு அடையாளங்கள் சொல்வார்கள். ஒன்று இந்திய அணி. இன்னொன்று தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தவர், 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையில் காக்கிச் சட்டையோடு தெருவில் நின்று காவல் பணி பார்த்தார். கோலடித்த காலும் லத்தி பிடித்த கையும் ஒரே ஆளுடையவை.

இந்த வேலை விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் ஒரு மீனவர் வீட்டிலோ கூலி வேலை செய்கிறவர் வீட்டிலோ, வயசுக்கு வந்த பெண்ணைக் கால்சட்டை போட்டு மைதானத்துக்கு அனுப்பும்போது அம்மாவின் வாயில் வரும் முதல் கேள்வி, "இதுல என்னடி கிடைக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்கான பதில் அரசுப் படிவங்களில் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் நான்கு வகைச் சான்றிதழ்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. பள்ளி அளவிலான தேசியப் போட்டிக்குப் படிவம் 4. மைதானத்தில் இந்தப் பேச்சு தினமும் அடிபடும். "ஃபார்ம் டூ வந்துடுச்சா?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பது பந்தைப் பற்றிய பேச்சுக்கு இணையாக முக்கியமானது.

இதனால்தான் தேசிய அணி எந்தப் போட்டிக்குப் போகிறது, எந்தப் போட்டிக்குப் போகாமல் விடுகிறது என்பது டில்லியில் முடியும் விஷயம் அல்ல. ஆசிய விளையாட்டில் தங்கம் வெல்கிறவர்களுக்குத் தமிழ்நாடு அரசு ஐம்பது லட்சமும், ஒலிம்பிக் தங்கத்துக்கு மூன்று கோடியும் தருகிறது. பதக்கம் எட்டாத தூரத்தில் இருந்தாலும் அந்த அணியின் சீருடை, அந்தப் பங்கேற்பு, அந்தச் சான்றிதழ் ஒரு குடும்பத்தின் திசையை மாற்றும். 2025-இல் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்த வங்கத்தின் சங்கீதா பாஸ்ஃபோர் எல்லைக் காவல் படையான சசஸ்த்ர சீமா பலில் வேலை பார்க்கிறவர். பெண்கள் லீக்கில் கிடைக்கும் சம்பளத்தை மட்டும் நம்பி வாழ்க்கை நடத்த முடிகிறவர்கள் சிலர்தான். காவல்துறையும் துணை ராணுவமும் ரயில்வேயும்தான் இந்திய அணியின் உண்மையான முதுகெலும்பு.

ஆனால் 2018-இல் என்ன நடந்தது? ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு இந்தியாவின் ஆண்கள், பெண்கள் கால்பந்து அணிகள் இரண்டையும் இந்திய ஒலிம்பிக் சங்கம் அனுப்ப மறுத்தது. குழு விளையாட்டு என்றால் ஆசியத் தரவரிசையில் முதல் எட்டு இடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மேலோட்டமாகக் கேட்டால் சரி என்றுதான் தோன்றும். பதக்கம் கிடைக்காத அணிக்கு ஏன் பொதுப் பணம்? ஆனால் கால்பந்துத் தரவரிசை ஏறுவதே தன்னைவிட வலுவான அணிகளோடு ஆடி ஆடித்தான். நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்று சொல்வதைப் போன்ற விதி அது. அந்த வாய்ப்பு பறிபோனது, இந்துமதியும் அவர் காலத்து ஆட்டக்காரிகளும் நல்ல வயதில், நல்ல ஃபார்மில் இருந்தபோது. ஆட்டக்காரியின் கால்களுக்கு நான்கு ஆண்டுகள் என்பது மிகப் பெரிய காலம்.

அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே எதிரணியைப் பார்த்தால் போதும். தாய்லாந்து. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டில் இந்தியா மாலத்தீவை 15-0 என்று வென்றுவிட்டு, தென்கொரியாவிடம் 0-10, தாய்லாந்திடமும் 0-10 என்று தோற்றது. 2023-இல் விளையாட்டு அமைச்சகம் விதியைத் தளர்த்தி அணியை ஹாங்சோவுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டிலிருந்து இந்துமதியும் சந்தியாவும் போனார்கள். சீன தைபேக்கு எதிராக அஞ்சு தமாங் கோலடித்து இந்தியா முன்னிலை பெற்றது, பிறகு இரண்டு கோல் வாங்கி 1-2 என்று தோற்றது. அடுத்த ஆட்டம் தாய்லாந்தோடு. 0-1. வெளியேறினார்கள், பதக்கம் இல்லை, ஊரில் வரவேற்பும் இல்லை. ஆனால் பத்துக் கோல் வித்தியாசம் ஒரு கோலாகியிருந்தது.

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரம். 2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டம். வென்றால் ஆஸ்திரேலியா, தோற்றால் வீடு. அதே தாய்லாந்து, அவர்கள் சொந்த ஊரில். 29-ஆவது நிமிடத்தில் சங்கீதா ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த உடனே தாய்லாந்து சமன் செய்தது. 74-ஆவது நிமிடத்தில் சங்கீதா மறுபடி. 2-1. தகுதிச்சுற்றில் ஆடி, வென்று, இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுவே முதல் முறை. 2022-இல் ஆடியது போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த இடம். அதுவும் அணிக்குள் கொரோனா பரவி, களமிறக்கப் போதுமான ஆட்கள் இல்லாமல் பாதியில் விலக நேர்ந்தது. சியாங் மாய்க்குப் போன அணியில் தமிழ்நாட்டின் பிரியதர்ஷினி செல்லதுரையும் இருந்தார். மங்கோலியாவை 13-0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் கோலடித்தார்.

0-10, 0-1, 2-1. பதினோரு ஆண்டுகளின் கணக்கு இந்த மூன்று எண்களில் இருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் எட்டு இடத்துக்குள் வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்வது தவறு.

ஒலிம்பிக் தகுதிச்சுற்றிலும் இதே பாதைதான். 2019 ஏப்ரலில் மியான்மரின் மண்டலே நகரில் இந்தியா முதல் முறையாக இரண்டாம் சுற்று ஆடியது. இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, கடைசி ஆட்டத்தில் மியான்மரோடு 3-3 என்று சமன். அந்த மூன்றில் முதல் கோல் சந்தியாவுடையது. வென்றிருந்தால் அடுத்த சுற்று. கோல் வித்தியாசத்தில் மியான்மர் போனது. 2023 ஏப்ரலில் பிஷ்கெக்கில் கிர்கிஸ்தானை 5-0, 4-0 என்று இரண்டு முறை வென்றார்கள். இலையுதிர் காலத்தில் தாஷ்கண்டில் ஜப்பான், வியட்நாம், உஸ்பெகிஸ்தான் மூன்றிடமும் தோல்வி. அந்தச் சுற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோலை வியட்நாமுக்கு எதிராகச் சந்தியா அடித்தார். அரசு இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண், ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் நாட்டின் ஒற்றைக் கோலைப் போட்டார் என்பதைக் கடலோரத்துப் பள்ளிக்கூடங்களில் காலைப் பிரார்த்தனையில் வாசித்துக் காட்டலாம்.

இப்போது மறுபடி தேங்காய்த்திட்டுக்கு வருவோம்.

ஒரு பக்கம் அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடும் முகத்துவாரம், அலையாத்தி மரங்கள், மீன்பிடித் துறைமுகம். மறுபக்கம் நகரம். உப்பளத்தில் இருக்கும் இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம் கூப்பிடு தூரம். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம் என்பதால் கால்பந்திலும் தனிச் சங்கம், தனி அணி. இதில் ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல கோடிப் பேர் நடுவே தேறினால்தான் மாநில அணி. புதுச்சேரியில் அந்தக் கூட்டம் இல்லை. நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்குத் தேசியப் போட்டியும் படிவம் 2-ம் மற்ற இடங்களைவிடப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அதே காரணத்தால் தேசியப் போட்டியில் பெரிய மாநிலங்களிடம் சிக்கிக் கோல் கோலாக வாங்கும் ஆபத்தும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை அணி சேர்த்து ரயிலேற்றினால் அப்படித்தான் ஆகும். ஜூனில் தொடங்கி மார்ச் வரை வாராவாரம் ஆட்டம் இருக்க வேண்டும்.

அதற்கு ஆள் எங்கே என்று கேட்டால் வங்கதேசத்தின் கல்சிந்தூர் கிராமத்தைக் காட்டலாம். மைமன்சிங் மாவட்டத்தில் இந்திய எல்லையை ஒட்டிய ஊர். அங்கே ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் பெண் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்தாட விட்டார்கள். நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்காக அரசு நடத்திய கால்பந்துப் போட்டியில் அந்தப் பள்ளி வென்றது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தேசிய அணியில் இடம்பிடித்தார்கள். ஊருக்கு மின்சாரம் வந்ததுகூட அவர்களால்தான். தெற்காசியச் சாம்பியன்ஷிப்பில் அதுவரை நடந்த ஐந்து கோப்பைகளையும் வாங்கிய இந்தியாவை ஓரம்கட்டிவிட்டு 2022-லும் 2024-லும் கோப்பையை எடுத்தது வங்கதேசம். 2025-இல் அவர்களும் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தொடக்கம் ஒரு தொடக்கப் பள்ளிப் போட்டி. அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு அது எட்டாத காரியமா? நான்கு பகுதிகளும் சேர்ந்தால் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. காரைக்காலும் கடலோரம். மாகே கேரளத்தின் கால்பந்து மண்ணுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பெண் பிள்ளைகளுக்கு ஏழு பேர் அணியாக ஒரு பள்ளி லீக், இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிட ஒரு வேன், மைதானத்தில் கதவு ஒழுங்காகப் பூட்டும் ஒரு கழிப்பறை, பெண் பயிற்சியாளர் ஒருவர். இதற்குப் பெரிய திட்ட அறிக்கை தேவையில்லை. கழிப்பறை இல்லாததால் பதின்மூன்று வயதில் மைதானத்தை விட்டுப் போன பிள்ளைகளை எந்தத் தரவரிசையும் கணக்கெடுப்பதில்லை. கல்வித் துறையும் விளையாட்டுத் துறையும் கால்பந்துச் சங்கமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த பள்ளி ஆண்டிலேயே தொடங்கிவிடலாம். தொடங்க வேண்டும்.

கடலூரில் தேசிய ஜெர்சி போட்ட அக்காமார்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தேங்காய்த்திட்டு, வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய் அவர்களோடு ஆடிவிட்டு வரட்டும். டிக்கெட் பெரிய செலவில்லை. பெற்றோர்களும் கூடப் போய்ப் பாருங்கள்.

2028-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நடக்கிறது. 1996-இல் பெண்கள் கால்பந்துக்கு எட்டே அணிகள்தான் இருந்தன. லாஸ் ஏஞ்சலிஸில் ஆண்களுக்கு 12 அணிகள், பெண்களுக்கு 16 அணிகள். ஒலிம்பிக் கால்பந்தில் பெண்கள் அணிகளின் எண்ணிக்கை ஆண்கள் அணிகளைவிடக் கூடுவது இதுவே முதல் முறை.